போலோவின் ருசி

குழியடுப்பில் வெந்த கறியை செவுலோனி கண்ணை மூடிக்கொண்டு மென்றார். கண்ணோரம் ஈரம் கட்டிவிட்டது.

"என் போலோ! புட்டிப்பால் கொடுத்து வளர்த்தேன்டா இவனை. என்ன ருசி பாரு!"

கல்யாணப் பந்தியே சிரித்தது. போலோ அவர் வளர்த்த காளை. மாப்பிள்ளை வீட்டார் போன வாரம் அவரிடம் விலைக்கு வாங்கி, இன்று காலை ஊரறிய ஓட்டி வந்து, பெண்ணின் அப்பா அபிசாயிடம் சீராகக் கொடுத்திருந்தார்கள்.

வெளிநாட்டிலிருந்து கப்பலேறி சுவா துறைமுகத்தில் இறங்கும் பெட்டிக்கறி பாதி விலை. சிங்கடோக்கா பள்ளத்தாக்கில் எந்தக் கறிக்கடைக்காரனும் இப்போது செவுலோனியின் மாட்டைச் சீந்துவதில்லை. கல்யாணத்துக்கும் சாவுக்கும் கொடுக்கிற சீர்தான் மிச்சம். அதுவும் போனால் மாட்டையெல்லாம் தள்ளிவிட்டு ஏதாவது ஹோட்டல் வாசலில் காவலுக்கு நிற்க வேண்டியதுதான்.

ஆனாலும் செவுலோனிக்கு வாய் மட்டும் குறையாது. "சீர்னா உசிரோட நடந்து வரணும். பெட்டி நடக்குமா? நடக்கச் சொல்லு பார்ப்போம்!"

"நடக்காது மச்சான், நீ சாப்பிடு" என்று அபிசாய் இன்னும் இரண்டு துண்டு வைத்தார்.

"சரி, என் நீலக் கயிறு எங்கே? காளையைத்தான் வித்தேன், கயித்தை இல்ல."

"இப்பத் தோதுப்படாது மச்சான். அப்புறம் தர்றேன்."

எதிரே அபிசாயின் சொந்தக்காரர் விலிகேசா உட்கார்ந்திருந்தார். அடுத்த மாதம் அவர் அப்பாவுக்கு நூறாம் நாள். செத்தவரின் தாய்மாமன் வீட்டாருக்குக் காளை கொடுத்தே ஆகவேண்டும். செவுலோனி தட்டோடு எழுந்து போய் அவரை ஒட்டி உட்கார்ந்தார்.

"ஒரு வாய் சாப்பிட்டுப் பாரு மச்சான். எப்படி?"

"அடேயப்பா, வெண்ணெய்!"

"இவனோட தம்பி என்கிட்ட நிக்கிறான். உனக்குன்னா ஐம்பது டாலர் குறைச்சுக்கறேன். நூறாம் நாளுக்கு ஓட்டிட்டுப் போறியா?"

விலிகேசா அபிசாயைப் பார்த்தார். அபிசாய் கூரையைப் பார்த்தார்.

"கோவிச்சுக்காதே மச்சான்" என்றார் விலிகேசா. "சொந்தக்காரன் கேட்டா அவரால இல்லேன்னு சொல்ல முடியுமா? காலையிலேயே அபிசாய்கிட்ட கேட்டு வாங்கிட்டேன்."

"எதை?"

"போலோவை. கொல்லையில கட்டியிருக்கு, உன் நீலக் கயித்துலதான்."