நூறு மணி நேரம்

“அட போப்பா மருது, ஒன் செட்டுல வர்றது பாட்டா? தகரத்தை உருட்டுற சத்தம்! மாதா கோயில் திருவிழாவுக்கு மதுரையிலருந்து ஆள் வருது. நீ கெளம்பு.”

இப்படி விரட்டிய மரிய ஆனந்த், திருவிழாக் குழுச் செயலாளர். காரைக்குடியில் மைக் செட் வைத்திருக்கும் மருதுபாண்டி, இந்த வருஷமாவது வேலை கிடைக்காதா என்று அவர் வீட்டுக்கு வந்திருந்தான்.

“ஒரு தடவை கேட்டுத்தான் பாருங்கண்ணே.”

“நீ மொதல்ல இதைக் கேளு!”

ஆத்தங்குடிப் பூக்கல் பதித்த தரையில் இடுப்பு உயரத்துக்கு நின்ற ஜோடி ஸ்பீக்கர்களில் ஆனந்த் பாட்டைப் போட்டார்.

“நல்ல ஸ்பீக்கர் நூறு மணி நேரம் ஓடுனாத்தான் வாய் தெறக்கும். போன மாசம் நான் சென்னைக்குப் போயிட்டு வந்து போட்டேன் பாரு, ஆளே மாறிப்போச்சு! என்னா அடி, என்னா துல்லியம்! ஒனக்கெங்க இது வெளங்கப் போகுது?”

மருது, காப்பியோடு நின்ற ஆனந்தின் மனைவி ஜெரினாவைப் பார்த்தான்.

ஜெரினாவால் அதற்கு மேல் பொறுக்க முடியவில்லை.

“நீங்க சென்னையில இருந்தப்ப, பிள்ளைக பொறந்தநாளுக்கு அலறவிட்டு ரெண்டு ஸ்பீக்கரும் பொகைஞ்சு போச்சு. வஞ்சு தீத்துருவீகன்னு நான் சொல்லல. மருது தம்பிதான் தன்னோட மைக் செட்டு ஸ்பீக்கரைக் கழட்டியாந்து இந்தப் பெட்டிக்குள்ள மாட்டுச்சு.”

ஆனந்த் குனிந்து ஸ்பீக்கரில் காதை வைத்தார். பாட்டு துல்லியமாகவே ஓடிக்கொண்டிருந்தது.

“திருவிழாவுக்கு என்னைக்கு வரட்டும்ணே?” என்றான் மருது.

நீங்களே சொல்லுங்கள், இனி எந்தக் காதை வைத்துக்கொண்டு அவர் வேண்டாம் என்பார்?