மில்டுராவுக்கு நந்தியாவட்டை

சிவப்பு வந்தால் மெல்பர்ன். வெள்ளை வந்தால் மில்டுரா.

சுருளிப்பட்டிக் கருப்பசாமியிடம் ஆஸ்திரேலியா விவகாரம் வருவது இதுதான் முதல் தடவை. பூசாரி தவசிக்கு இரண்டாவது ஊரின் பெயர் வாயில் நுழையவில்லை. வெள்ளைப் பூ ஊர் என்று சொல்லிச் சமாளித்துக்கொண்டார்.

நர்ஸ் வேலை கிடைத்திருந்தது அனுசுயாவுக்கு. இரண்டு ஊர் ஆஸ்பத்திரிக்காரர்களும் வா என்கிறார்கள். ஒரு வாரத்துக்குள் பதில் சொல்ல வேண்டும்.

இங்கிலீஷ் பரீட்சையை மூன்று தடவை எழுதிப் பாஸானவள் அவள். எந்த ஊரில் குடியேறுவது என்று சொல்ல மட்டும் வீட்டில் அவளைத் தவிர எல்லோருக்கும் வாய் இருந்தது.

மெல்பர்னில் கணவனின் அண்ணன் ஈஸ்வரபாண்டி இருக்கிறார். சொந்த வீடு. மாடியில் இரண்டு அறை சும்மா கிடக்கிறது. அப்புறமென்ன பேச்சு என்றார் மாமனார் வேலுச்சாமி.

மில்டுரா அங்கிருந்து காரில் ஆறு மணி நேரம். தெரிந்த முகம் ஒன்று கிடையாது. ஆனால் ஊரைச் சுற்றித் திராட்சைத் தோட்டம்.

அந்தத் தோட்டங்களைப் போட்டோவில் பார்த்த அன்று அவள் கணவன் சுருளிராஜன், "கவாத்தைப் பாரு அனு, நம்மூருக் கொடியா இருந்தா இந்நேரம் அழுதிருக்கும். இப்படியா வெட்டுவாய்ங்க" என்று வாய்விட்டுச் சிரித்தான். பன்னீர் திராட்சையிலேயே வளர்ந்த கை அவனுடையது.

அண்ணன் முன்னால் அந்தச் சிரிப்பு வராது. முப்பத்தெட்டு வயது ஆள், அண்ணன் போன் வந்தால் எழுந்து நின்றுகொண்டு பேசுவான். அந்த வீட்டு மாடிக்குப் போனால் ஆயுசுக்கும் தம்பிதான். சுருளிராஜனாக ஒரு நாளும் இருக்க முடியாது. அதற்கு அனுசுயா சம்மதிப்பதாக இல்லை.

பூக்கட்டிப் பார்ப்போம் என்று அவள்தான் யோசனை சொன்னாள். மாமனாரை மடக்க வேறு வழி தெரியவில்லை. பாதிக்குப் பாதி வாய்ப்பாவது கிடைக்குமே.

அதிலும் மண் விழுந்தது. பூவை மறைத்து மடிப்பது அந்த வீட்டில் மூத்த மருமகளின் வேலை. மூத்த மருமகள் யுவராணி, ஈஸ்வரபாண்டியின் மனைவி, லீவில் மெல்பர்னிலிருந்து வந்து இறங்கி நாலு நாளாகிறது.

அனுசுயாவுக்கும் அவளுக்கும் ஏழாம் பொருத்தம். "எங்க போகணும்னாலும் அவுகதான் கூட்டிட்டுப் போவாக. ஒம்பது வருசமாச்சு, நான் ஸ்டியரிங்கைத் தொட்டதில்ல" என்று காதுகுத்து வீடு, கல்யாண வீடு எல்லாவற்றிலும் உட்கார்ந்து பெருமை பேசுகிறவள்.

யுவராணி தூணுக்குப் பின்னால் திரும்பி உட்கார்ந்தாள். இரண்டு வாழையிலைத் துண்டில் பூவை வைத்து மடித்து, நாரால் கட்டி, சாமி காலடியில் போட்டாள். பிறகு போனைக் கையில் எடுத்துக்கொண்டாள்.

போனுக்குள் ஈஸ்வரபாண்டி. "நேராப் பிடி. எத்தன வாட்டி சொல்றது" என்று அங்கிருந்தே அதட்டினார். அவள் நேராகப் பிடித்தாள்.

பூசாரி மகள் திரிஷாவைக் கூப்பிட்டு எடுக்கச் சொன்னார்கள். ஐந்து வயதுப் பிள்ளை. இடதுபக்கப் பொட்டலத்தைத் தொட்டது. கையை எடுத்தது. வலதுபக்கத்தைத் தொட்டது. மறுபடியும் இடதுக்கே வந்தது.

தவசி நாரை உருவினார்.

நந்தியாவட்டை. வெள்ளைவெளேரென்று.

அனுசுயாவுக்குக் குலவை தொண்டைவரை வந்துவிட்டது. கஷ்டப்பட்டு அடக்கிக்கொண்டாள். ஜெயித்துவிட்டாள். மில்டுரா, மில்டுரா என்று உள்ளுக்குள் பத்துத் தடவை சொல்லிப் பார்த்தாள். அவளுக்கு அந்தப் பெயர் வாயில் நன்றாகவே நுழைந்தது. பக்கத்தில் சுருளிராஜன், அண்ணன் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, பல் தெரியச் சிரித்தான்.

இன்னொரு தடவை போடச் சொல் என்றார் போனில் ஈஸ்வரபாண்டி.

"கருப்பன் சொன்னப்பறம் மறுக்காக் கேட்டா குத்தமாயிரும் மாமா" என்று யுவராணி முந்திக்கொண்டு மாமனாரிடம் சொன்னாள். வேலுச்சாமி கன்னத்தில் போட்டுக்கொண்டார். கருப்பனை எதிர்த்துப் பேச அந்த வீட்டில் யாருக்கும் தைரியம் கிடையாது, மெல்பர்னில் இருந்தாலும்.

பிரிக்காத பொட்டலத்தை ஆற்றில் விட்டுவிட வேண்டும். யுவராணி போனைக் கொழுந்தன் கையில் கொடுத்துவிட்டு, பொட்டலத்தை எடுத்துக்கொண்டு இறங்கினாள். சுருளிராஜன் கோயில் படியில் உட்கார்ந்தபடியே அண்ணனிடம் பேசினான். அனுசுயா அதைக் கண்குளிரப் பார்த்துவிட்டு, யுவராணியின் பின்னால் போனாள். நாலு நல்ல வார்த்தை பேசிவிடலாம் என்றிருந்தது. ஜெயித்த அன்றைக்கு மனசு கொஞ்சம் தாராளமாகத்தான் இருக்கும்.

தண்ணீர் பட்டதும் நார் அவிழ்ந்தது. இலை விரிந்து, பூ தனியாக மிதந்தது.

அதுவும் வெள்ளை.

யுவராணி இடுப்புச் சொருகலிலிருந்து கசங்கிப்போன செவ்வரளியை எடுத்தாள். அதையும் தண்ணீரில் விட்டுவிட்டுக் கையைக் கழுவினாள்.

"அங்கன வீடு பாக்கும்போது ஒரு ரூம் கூடுதலாப் பாரு" என்றாள், ஆற்றைப் பார்த்தபடி. "மெல்பர்ன்ல இருந்து பஸ் இருக்கு. விசாரிச்சு வச்சிருக்கேன்."