திருப்பத்து மூலை

தேக்லாவை விரட்டும்வரை கெம்லர் ஓயமாட்டார் என்றுதான் எங்கள் வீட்டில் எல்லோரும் பேசிக்கொண்டோம்.

ஜெர்மனியின் டூபிங்கனில், நெக்கர் ஆற்றின் பக்கம் லேசாகச் சாய்ந்து நிற்கும் பழைய மரவீடு எங்களுடையது. நான்கு குடித்தனம், ஒரே படிக்கட்டு. கெம்லர் முதல் மாடி. தபால் பிரிக்கும் வேலை, தனி ஆள். தன் மஞ்சள் பூனையைக்கூட வாசல் தாண்ட விடமாட்டார். அதன் மயிர் படியில் விழுந்துவிடுமாம். இரண்டாம் மாடியில் நான். கூரைக்குக் கீழே இருந்த சின்ன அறையில், ஜார்ஜியா நாட்டிலிருந்து படிக்க வந்த தேக்லா.

திங்கட்கிழமை காலை யார் கதவில் மரப்பலகை தொங்குகிறதோ, அந்த வாரம் படிக்கட்டைப் பெருக்கித் துடைப்பது அவர் முறை. எங்கள் ஊர் வழக்கம் அது.

வந்த புதிதில் பூ வரைந்த அந்தப் பலகையைப் பார்த்த தேக்லா, வரவேற்புப் பரிசு என்று நினைத்துவிட்டாள். கீழே ஒரு நன்றிச் சீட்டை ஒட்டிவிட்டு, பலகையைத் தன் மேஜைக்கு மேலே மாட்டிக்கொண்டாள். மூன்று வாரம் யாருக்கும் முறை வரவில்லை. எனக்கு அதில் வருத்தமில்லை. கெம்லருக்குத்தான் தூக்கம் போய்விட்டது.

அதிலிருந்து அவள் பெருக்கி முடித்ததும் வந்து நிற்பார். படி திரும்பும் இடத்தில் சுவரோரம் ஒரு மூலை. அதை அவள் ஒவ்வொரு முறையும் விட்டுவிடுவாள்.

"இங்க வந்து பாருங்க. இந்த மூலையில என்ன இருக்கு?"

"தூசி, ஹெர் கெம்லர்."

"போன தடவை என்ன இருந்துச்சு?"

"இதே தூசிதான்."

நான் கதவுக்குப் பின்னால் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. வீட்டுக்காரி திருமதி ராப்புக்குக் கடிதம் எழுதினார். ஒவ்வொரு முறையும் எழுதினார்.

திருமதி ராப்பின் அக்காள் மகனுக்குத் தேக்லாவின் அறைமேல் ஒரு கண். முறை ஒரு வாரம் தவறினாலும் ஜூனில் அறையைக் காலி செய்ய வேண்டும், ஊரில் இல்லாவிட்டால் மாற்று ஆள் வைக்க வேண்டும் என்று திருமதி ராப் தேக்லாவுக்கு எழுதிக் கொடுத்துவிட்டார்.

இந்த அறை கிடைக்கும்முன் ஐந்து மாதம் சிநேகிதிகளின் வீட்டுத் தரையில் படுத்தவள் அவள். முகவரி இல்லாமல் விசாவை நீட்டிக்க முடியாது. விசா இல்லாவிட்டால் படிப்பு பாதியில் நிற்கும்.

மே மாதம் ஒரு திங்கட்கிழமை. காலையில் என் கதவிலிருந்த பலகையை எடுத்துப்போய் அவள் கதவில் மாட்டினேன். மதியம் ஆம்புலன்ஸ் வந்தது. குடல்வால் வெடித்துவிட்டதாம். முகம் வெளுத்துக் கிடந்தவளை ஸ்ட்ரெச்சரில் இறக்கினார்கள்.

கெம்லர் தன் வாசலில் நின்று, "சுவர்ல இடிக்காம இறக்குங்க," என்றார்.

மனுஷனா இவர் என்று கீழ்வீட்டுக்காரியிடம் சொன்னேன். அவளும் அதையேதான் சொன்னாள். இருவரும் சேர்ந்து ஆஸ்பத்திரிக்குத் திராட்சை அனுப்பினோம், வாழ்த்து அட்டையும் வைத்து. பாவம், பாவம் என்று வாரம் முழுக்கச் சொன்னோம். அவள் கதவிலிருந்த பலகையை யாரும் தொடவில்லை. எனக்கு முழங்கால் வலி வேறு.

வெள்ளிக்கிழமை கெம்லர் தன் வீட்டுக்குள்ளிருந்து குப்பை முறத்தை ஏந்திக்கொண்டு வெளியே வந்தார். முறம் நிறையத் தூசி.

"எங்க கொண்டு போறீங்க?"

"வேலை இருக்கு," என்றார்.

பழைய தூசியைச் சாட்சிக்குச் சேர்த்து வைத்திருக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். செய்யக்கூடியவர்தான்.

சனிக்கிழமை திருமதி ராப் பாலம் தாண்டி வந்து சேர்ந்தார். கையில் நோட்டுப்புத்தகம்.

"இந்த வாரம் அந்தப் பொண்ணு முறைதானே? செஞ்சாளா?"

நான் மேல்படியில் நின்றிருந்தேன். ஏதாவது சொல்லியிருக்கலாம். எனக்கு வார்த்தை எப்போதும் பிறகுதான் வரும்.

"செஞ்சாங்க," என்றார் கெம்லர். "வழக்கம்போல அரைகுறையா. வந்து பாருங்க."

திருமதி ராப் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மூலையைப் பார்த்தார். தூசி இருந்தது.

"இத்தனை மாசமாச்சு, இந்த மூலை மட்டும் அவ கண்ணுக்குத் தெரியலையே," என்று சலித்துக்கொண்டே, செய்தாயிற்று என்று குறித்துக்கொண்டார். அவருக்கு ஏமாற்றம்தான்.

அடுத்த புதன்கிழமை தேக்லா வயிற்றைப் பிடித்தபடி வந்து சேர்ந்தாள். தன் அறைக்குப் போகவில்லை. நேரே கெம்லர் கதவைத் தட்டினாள். குரல் கேட்டு நானும் இறங்கி வந்தேன்.

"ஹெர் கெம்லர், என் முறை தவறிடுச்சு. நான் ஆஸ்பத்திரியில..."

"தவறலையே. வியாழக்கிழமை பெருக்கினீங்க. அந்த மூலையை விட்டுட்டீங்க. கடிதம் எழுதியாச்சு."

கதவு சாத்திக்கொண்டது.

தேக்லா என்னைப் பார்த்தாள். "வியாழக்கிழமை என்னால எழுந்து நிக்கவே முடியலையே."

அவளைக் கைத்தாங்கலாக மேலே கூட்டிப் போனேன். படிகள் பளபளவென்று இருந்தன. அவள் முறையில், ஏன், என் முறையிலும்கூட அப்படி இருந்ததில்லை.

திருப்பத்தில் நின்று, முழங்கால் வலியோடு குனிந்து பார்த்தேன்.

மூலைத் தூசி முழுக்க மஞ்சள் பூனை மயிர்.