கரடி வந்தால் பதறக் கூடாது

மைத்துனன் புது மனைவியோடு தேசியப் பூங்காவுக்குப் போகிறான் என்றதும் அவருக்குத் தலைகால் புரியவில்லை.

“கரடி வந்தா பதறக் கூடாது மச்சான்.”

“நீங்க பார்த்திருக்கீங்களா அத்தான்?”

“போன வருஷம், அதே பூங்காவுல. படம் பிடிக்க வண்டியை நிறுத்துறோம், புதர்லேர்ந்து ஆள் உயரத்துக்கு எழுந்து நிக்குது. சட்டுனு கண்ணாடியை ஏத்தினேன், நாலு கதவையும் பூட்டினேன், மூச்சுக் காட்டாம உட்கார்ந்துட்டேன். கொஞ்ச நேரம் முறைச்சுட்டு அதுபாட்டுக்குப் போயிடுச்சு. குடும்பஸ்தனுக்கு அந்த நிதானம் வேணும்.”

அக்கா தம்பிக்கு மட்டும் காபி கொண்டுவந்து வைத்தாள்.

“உனக்கும் தைரியம்தான்க்கா. சத்தமே போடலையா?”

“போடாம என்ன? ‘கதவைத் திறங்க, கதவைத் திறங்க’ன்னு தொண்டை கிழியக் கத்தினேன்.”