பிலோமினாவின் விரல்

மேட்னிக்கு வருகிறவர்களின் சைக்கிள்களுக்கு டோக்கன் போட்டுவிட்டு, பிலோமினா தியேட்டரின் பின்சுவரை ஒட்டி நின்று படம் பார்ப்பாள். கறுப்பு வெள்ளை ஆங்கிலத் துப்பறியும் படம், பன்னிரண்டு நாளாக ஓடுகிறது. முடிவை மட்டும் அவள் பார்த்ததில்லை. கூட்டம் வெளியே வருமுன் ஸ்டாண்டின் கேட்டைத் திறந்தாக வேண்டும். கொலைகாரன் யாரென்று எவரையும் சொல்லவும் விட்டதில்லை.

கடைசி நாள், டிக்கெட் கிழிக்கும் ஜோதிராஜ் சாவிக்குக் கை நீட்டினான். "கேட்ட நான் பாத்துக்கிடுதேன். முடிவப் பாத்துட்டு வாங்க யக்கா."

"முடிவு எனக்குத் தெரியும்லா. கொலகாரன் மூஞ்சி மாறுறதத்தான் பாக்கணும்."

"இங்கிலீஷே தெரியாது, அதெப்படி?"

"சைக்கிள் தெரியுமே. பொணத்துக்குப் பக்கத்துல சேத்துல சைக்கிள் டயர் தடம் கெடக்கு. பங்களாவுக்கு எல்லாரும் கார்ல வாராவ. டாக்டர் மட்டும் குடையப் புடிச்சுக்கிட்டு நடந்து வாரான். அவன் வலது கால் பேண்ட் ஓரத்தப் பாத்தியா? செயின் கிரீஸு."

படத்தை எட்டுத் தடவை பார்த்திருந்த ஜோதிராஜ் சாவியை வாங்கிக்கொண்டான்.

பிலோமினா முதன்முறையாக நாற்காலியில் உட்கார்ந்தாள். திரையில் எல்லோரும் ஒரே அறையில் கூடினார்கள். துப்பறிவாளர் புகைக்குழாயைத் தட்டிவிட்டு ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். அவர் கை உயர்வதற்குள் இவள் எழுந்துவிட்டாள்.

"யாரும்மா அது, உக்காரு!"

உட்காரவில்லை. புரொஜெக்டர் ஒளிக்குள் கையை நீட்டினாள். அவ்வளவு பெரிய திரையில் அவள் விரலின் நிழல் நேராகப் போய் டாக்டரின் நெற்றியில் நின்றது.

துப்பறிவாளரின் விரல் அதன்பிறகுதான் வந்தது.