சுருட்டை முடிக்கு ஒரு பின்னல்

ஜன்னல் வெயிலில் மகள் முக்காலியில் உட்கார்ந்திருக்கிறாள். பின்னால் எலக்ட்ரீஷியன் அப்பா. சுருட்டை முடி சிக்காமல் வாரம் முழுக்கக் காக்கிற பின்னலைப் பழகுகிறார். போன வாரம் வயர் முறுக்குகிற கைப்பழக்கத்தில் வேரோடு இறுக்கிவிட, பிள்ளைக்கு நெற்றிப்பொட்டு விண்விண்ணென்று தெறித்தது. "இன்னைக்கும் வலிச்சா ஒட்ட வெட்டிடுவேன்ப்பா." "வெட்டிக்கலாம், முதல்ல தலைய ஆட்டாத தாயே." ஈரச் சுருள்களில் எண்ணெய் மினுமினுக்கிறது. நுனியிலிருந்து சிக்கெடுத்து, வகிடு பிரித்து, ஒரு பக்கத்து முடியை மூன்று கால்களாக்கி வேரில் தளர்வாகப் பிடித்துப் பின்னுகிறார், விரல்கள் தடுமாறவில்லை. கடைசியில் ரிப்பன் முடிச்சு விழுகிறது. "புருவத்தத் தூக்கு, இழுக்குதான்னு பார்ப்போம்." தூக்குகிறாள். இன்னும் தூக்குகிறாள். முகம் சுளிக்கவில்லை. பின்னாத பக்கத்தை அவர் கைக்கு நேராகத் திருப்பிக் கொடுக்கிறாள்.