கையிலிருந்து ரெண்டு

"இந்தக் கையை வச்சு ஆடலாமா, தூக்கிப் போடலாமா? சட்டுன்னு சொல்லுங்க மாஸ்டர்."

அந்தப் பெண் நான்கு சீட்டுகளை விரித்து மாஸ்டரின் கண்ணெதிரே பிடித்தாள். இரண்டு ஒன்பது, ஒரு எட்டு, ஒரு ஏழு.

"தூக்கிப் போடுங்க. ரெண்டுங்கெட்டான் கை. பெரிய பக்கத்துக்கும் உதவாது, சின்ன பக்கத்துக்கும் உதவாது."

"அடுத்தது," என்று மாஸ்டருக்குப் பின்னால் நின்றிருந்த பெரியவரின் குரல் வந்தது.

திரும்பிப் பார்க்கக் கூடாது, தலையை அசைக்கக் கூடாது என்று காலையிலேயே கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்கள். மாஸ்டருக்குக் கழுத்து மரத்துப் போயிருந்தது. அறை வேறு ஐஸ்பெட்டியாகக் குளிர்ந்தது.

'மாஸ்டர்' கிளப்பில் ஒட்டிக்கொண்ட பெயர். இருபத்திரண்டு வருடமாக, புதிதாக வருகிறவர்களுக்கு ஒமாஹா சீட்டாட்டம் சொல்லிக் கொடுப்பதுதான் பிழைப்பு. ஆளுக்கு நான்கு சீட்டு, நடுவில் எல்லோருக்கும் பொதுவாக ஐந்து. பந்தயத்தில் பாதி பெரிய கைக்கு, பாதி சின்ன கைக்கு. இவ்வளவுதான் ஆட்டம் என்று ஆரம்பிப்பார், அதில் இருக்கும் குழிகளைச் சொல்லி முடிக்க மூன்று மாதம் ஆகும். வேறு வேலை தெரியாது. இன்று இந்த அறையை விட்டுப் போகும்போது ஆட்டம் நாக்கில் இருந்தால்தான் வீட்டில் அடுப்பு எரியும். இல்லாவிட்டால் கிளப் நாற்காலி வேறு ஆளுக்குப் போய்விடும்.

பத்து நாளைக்கு முன்பு நோட்டுப் புத்தகத்தோடு வந்து, "எனக்கு ராஜா எது ராணி எதுன்னுகூடத் தெரியாது, முதல்லேர்ந்து சொல்லிக் கொடுங்க" என்றவள் இந்தப் பெண். இன்று அவள் கேள்வி கேட்கிறாள், அவர் பரீட்சைக்கு வந்தவர் போலப் பதில் சொல்கிறார்.

"இந்தக் கை?"

ஆஸ், ரெண்டு, பத்து, ஜாக்கி. நாலும் நாலு ஜாதி.

"ஆஸும் ரெண்டும் இருக்கே, சின்ன பக்கம் நமக்குத்தான்னு ஆசை வரும். எதிராளி கையிலயும் அதே ஆஸ், ரெண்டு இருந்தா? அந்தப் பாதியும் பாதியாப் போகும். கால் பங்குக்கா இவ்வளவு பாடு? பாதிக்கு ஆசைப்பட்டு இறங்கவே கூடாதும்மா. ரெண்டு பக்கத்தையும் சேர்த்து அள்ளுற கையா பார்த்துத்தான் இறங்கணும்."

"நல்ல புத்திதான்," என்றார் பெரியவர். ஏதோ நகர்த்துகிற சத்தம் கேட்டது. "விடாம கேளுங்க."

அவள் வேகத்தைக் கூட்டினாள். "நடுவுல நாலு ஆட்டின். என் கையில ஆட்டின் ஆஸ் ஒண்ணே ஒண்ணு. மொத்தம் அஞ்சு ஆட்டின், அஞ்சும் ஒரே ஜாதி. ஜெயிச்சுட்டேனா?"

மாஸ்டருக்குச் சிரிப்பு வந்தது. புதியவர்கள் அத்தனை பேரும் முதல் நாளே விழுகிற குழி இது.

"எங்க ஜெயிச்சீங்க? கையிலேர்ந்து ரெண்டு, நடுவுலேர்ந்து மூணு. கூடவும் கூடாது, குறையவும் கூடாது. உங்க கையில இருக்கறது ஒரே ஆட்டின்தான். போச்சு!"

வெளியே பெஞ்சில் மனைவி காத்திருக்கிறாள். உள்ளே வரும்போது அவர் கையை அழுத்திப் பிடித்து, "தூக்கத்துலகூட 'கையிலேர்ந்து ரெண்டு'ன்னுதானே புலம்புறீங்க? அது உங்களை விட்டு எங்கயும் போகாது" என்றிருந்தாள். அதை நினைத்துக்கொண்டதும் கொஞ்சம் தைரியம் வந்தது.

"சரி, இன்னொரு தடவை சொல்லுங்க. கையிலேர்ந்து எத்தனை?"

"மூணு."

சொன்ன பிறகுதான் காதில் விழுந்தது. மூன்றா? அவர் அப்படி நினைக்கவே இல்லையே!

அந்தப் பெண் சிரிக்கவில்லை. திருத்தவும் இல்லை. அவள் பார்வை அவர் தலைக்கு மேலாகப் பெரியவரிடம் போனது.

"திரும்பக் கேளுங்க," என்றார் பெரியவர்.

"கையிலேர்ந்து எத்தனை மாஸ்டர்?"

மாஸ்டர் இரண்டு விரல்களை நீட்டினார். வாய், "மூணு" என்றது.

இப்படி ஆகலாம் என்று முன்பே சொல்லியிருந்தார்கள்தான். ஆனாலும் இருபத்திரண்டு வருடச் சோறு கண்ணெதிரே கைநழுவிப் போவதைப் பார்த்துக்கொண்டு யாரால் சும்மா இருக்க முடியும்? கண்ணில் நீர் கட்டியது. மனைவி முகத்தில் எப்படி முழிப்பது என்று தெரியவில்லை.

"இப்ப கேளுங்க," என்றார் பெரியவர், மூச்சை அடக்கிக்கொண்டவர் போல.

"எத்தனை மாஸ்டர்?"

அவர் பயந்து பயந்து வாயைத் திறந்தார். "ரெ... ரெண்டு. ரெண்டும்மா! ரெண்டு!"

"பிரமாதம்!" என்றார் பெரியவர். "இந்த ஒரு தப்பு எங்க வரும்னுதான் ஒரு மணி நேரமா தேடிக்கிட்டிருந்தேன். இதைக் கேட்கத்தான் இவங்களை உங்ககிட்ட ஆட்டம் கத்துக்க அனுப்பினேன்."

மாஸ்டரின் திறந்த மண்டைக்குள், மூளையில் மின்கம்பியின் முனை பட்டதும் 'மூணு'வும் எடுத்ததும் 'ரெண்டு'ம் வந்த இடத்தில், கத்தி படக் கூடாது என்பதற்கு அடையாளமாகப் பெரியவர் ஒரு பொடி எண் வில்லையை வைத்தார். கத்தியை அதிலிருந்து ஒரு விரல்கடை தள்ளிக் கட்டியின் ஓரத்தில் நிறுத்தி, "பாதிக்கு ஆசைப்படக் கூடாதுன்னு நீங்கதானே சொன்னீங்க? கட்டியையும் முழுசா அள்ளிடறேன், உங்க பேச்சையும் முழுசா விட்டுடறேன். நீங்க பாட்டுக்கு ஆட்டத்தைச் சொல்லிக்கிட்டே இருங்க மாஸ்டர்" என்றார் அந்தப் பெரிய டாக்டர்.